கொழுந்து லொறியில் போகும் நம் பிள்ளைகள்

2021 மார்ச் 20 ஆம் திகதி காலையை பசறைப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட தனியார் பஸ், 13 ஆம் மைல்கல்லருகே பள்ளத்தில் விழுந்தது. குறைந்தது 14 உயிர்கள் போயின. மேலேயிருந்து விழுந்த பாறை றோட்டை ஒடுக்கிக்கொண்டு கிடந்தது; எதிரே ஒரு டிப்பர். அதன்பிறகு நம் லயங்களில் பேச்செல்லாம் சாரதிமாரைப் பற்றித்தான். பாறையைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

மடுல்சீமை மலையில் லொறி ஓட்டுகிறவர்களில் பலர் நம் லயத்துப் பிள்ளைகள். பதினேழு வயதில் கொழுந்துச் சாக்கு ஏற்ற கிளீனராகப் போகிறார்கள். சாரதி தேத்தண்ணி குடிக்கும் நேரத்தில் லொறியை முன்னே பின்னே எடுத்துப் பழகுகிறார்கள். கொஞ்ச நாளில் "தம்பிக்குக் கை வந்துட்டு" என்கிறோம். அவ்வளவுதான் பயிற்சி. அனுமதிப்பத்திரம் எடுத்த பிறகும், பாரம் ஏற்றிய லொறியை பசறை இறக்கத்தில் எப்படிக் கொண்டுபோவது என்று யாரும் முறையாகச் சொல்லித் தருவதில்லை.

டீசல் மிச்சமாகும் என்று இறக்கத்தில் நியூட்ரலில் விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படி விட்டால் எஞ்சின் லொறியைப் பிடிக்காது. முழுப் பாரமும் பிரேக்கின் தலையில். வளைவுக்கு வளைவு மிதித்துச் சூடேறினால், கடைசி வளைவில் மிதித்தும் பிடிக்காது. ஏறின கியரில்தான் இறங்க வேண்டும் என்பது பழைய சாரதிமார் சொல்லும் பாடம். அதைச் சம்பளத்தோடு கற்றுக்கொடுப்பது நிர்வாகத்தின் பொறுப்பு.

ஆனால் சாரதியை மட்டும் பழக்கி என்ன பயன்? டயர் தேய்ந்துவிட்டது என்று சொன்ன ஒரு தம்பிக்கு என் முன்னாலேயே கிடைத்த பதில்: "ஓட்ட ஏலாட்டி இறங்கு, வேற ஆள் இருக்கு." எந்தத் தோட்டம் என்று எழுதவில்லை, பலருக்கும் தங்கள் தோட்டமாகவே தோன்றும். பழுதான லொறியை எடுக்க மாட்டேன் என்று சொல்லும் சாரதியின் பின்னால் சங்கம் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் எந்தப் பயிற்சியும் வீண்.

கொழுந்துச் சாக்கின் மேல் ஏறி வரும் அக்காமாரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மழை, தூர மலை, பிள்ளைக்காம்பராவில் காத்திருக்கும் குழந்தை. ஆனாலும் அது ஆள் ஏற்றும் வண்டி அல்ல. தூரத்து மலைக்கு இருக்கையுள்ள வாகனம் கேட்போம்.

இன்னொன்று. தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் 2022 இல் திருத்தப்பட்டது. வேலைக்குப் போகும் வழியிலும் வரும் வழியிலும் நேரும் விபத்துக்கும் இப்போது நட்டஈடு உண்டு. உச்சத் தொகை 20 இலட்சம் ரூபா. ஆனால் கேட்கப் போனால் வேலை செய்ததற்கு அத்தாட்சி வேண்டும். கொந்தராத்து லொறியில் போகும் கிளீனர் பிள்ளையின் பெயர் எந்த செக்ரோலில் இருக்கிறது? அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் டிவிசனில் அப்படிப் போகும் பிள்ளைகளின் பெயர்களையும், லொறி இலக்கங்களையும், வேலைக்குச் சேர்ந்த நாளையும் எழுதிக்கொண்டு வாருங்கள்.