‘உங்கள் புகார் முடித்து வைக்கப்பட்டது’... யார் முடித்தது, எப்படி? ஆர்டிஐ-யில் கேட்கலாம்!

தெருவிளக்கு எரியவில்லை என்று ஆன்லைனில் புகார் போடுறீங்க. நாலு நாள் கழித்து எஸ்எம்எஸ் வருது: ‘நடவடிக்கை எடுக்கப்பட்டு தங்கள் புகார் முடித்து வைக்கப்பட்டது.’ வெளியே வந்து பார்த்தா அதே இருட்டு.

எங்க தெருவிலும் இதே கதைதான். மூணு புகார், மூணு ‘முடிந்தது’. நாலாவது புகார் போடலாமா என்று யோசித்தபோதுதான் வேறொரு கேள்வி வந்தது. முதல் மூணையும் எந்த அடிப்படையில் மூடினாங்க? அதைக் கேட்க ஒரு சட்டமே இருக்கு.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. அந்த ஆண்டு அக்டோபர் 12-ம் தேதி முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. (தமிழ்நாடு 1997-லேயே இப்படி ஒரு சட்டம் கொண்டுவந்துவிட்டது. ஆனால் அதில் விலக்குகள்தான் ஏராளம்.) ஊழல், டெண்டர் என்று பெரிய விஷயங்களுக்குத்தான் ஆர்டிஐ என்று பலர் நினைக்கிறோம். உண்மையில் சாதாரண மனிதருக்கு இது அதிகம் உதவுவது கிடப்பில் போடப்பட்ட சொந்தப் புகாரில்தான். டெல்லியில் மத்தியச் சட்டம் வருவதற்கு முன்பே, 2001-ம் ஆண்டின் மாநிலச் சட்டத்தை வைத்து ‘பரிவர்த்தன்’ அமைப்பு ஒரு வழியைப் பிரபலமாக்கியது. ரேஷன் கார்டு வரவில்லையா? ‘ஏன் வரவில்லை’ என்று கேட்காதே, ‘என் விண்ணப்பம் எந்தெந்தத் தேதியில் எந்த அதிகாரியின் மேஜையில் இருந்தது’ என்று கேள். பதில் எழுத வேண்டுமானால் யாரோ ஒருவர் கோப்பைத் தேடி எடுத்தே ஆகணும். தாமதம் யாரிடம் என்பது அவர் கையெழுத்திலேயே பதிவாகிவிடும்.

‘ஏன்?’ என்று கேட்டால் மாட்டிக்குவீங்க

ஆர்டிஐ விண்ணப்பங்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். ‘என் புகார் மீது ஏன் நடவடிக்கை இல்லை?’ என்று கேட்டால், ‘இது தகவல் அல்ல, விளக்கம்’ என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பலாம். ஆவணமாக ஏற்கெனவே இருப்பதைத்தான் தர வேண்டும், புதிதாக விளக்கமோ கருத்தோ உருவாக்கித் தர வேண்டியதில்லை என்று சிபிஎஸ்இ வழக்கில் 2011-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அதனால் கேள்வியை ஆவணமாக மாற்றுங்க. புகார் எந்தத் தேதியில் பதிவானது, அதன் ந.க. எண் என்ன? அது எந்தெந்தப் பதவியில் இருப்பவரிடம் எத்தனை நாள் இருந்தது? கள ஆய்வு நடந்திருந்தால் அதன் தேதி, அறிக்கை நகல், எடுத்த போட்டோ. புகாரை மூட ஒப்புதல் அளித்த கோப்புக் குறிப்பின் நகல். இந்த வகைப் புகாரை இத்தனை நாளில் தீர்க்கணும் என்று சொல்லும் அரசாணை அல்லது சுற்றறிக்கையின் நகல்.

கடைசிக் கேள்வியை விட்டுடாதீங்க. மத்திய அரசின் குறைதீர்ப்புத் தளமான சிபிகிராம்ஸுக்கு 2024 ஆகஸ்டில் வந்த வழிகாட்டுதல் 21 நாள் என்கிறது. இப்படி ஒரு எண் கையில் இருந்தால், தாமதம் என்பது உங்க ஆதங்கமாக இல்லாமல் அவங்க விதியை அவங்களே மீறியதாக மாறிவிடும்.

இன்னொரு பிரிவும் கைகொடுக்கும். நிர்வாக முடிவால் பாதிக்கப்பட்டவருக்கு அதற்கான காரணங்களைத் தர வேண்டும் என்று 4(1)(d) சொல்கிறது. நேரடியாக ‘ஏன்’ கேட்க முடியாத இடத்தில், ‘4(1)(d)-ன்படி என் புகாரை நிராகரித்ததற்குப் பதிவு செய்யப்பட்ட காரணங்களின் நகல்’ என்று கேட்கலாம்.

பத்து ரூபாய், முப்பது நாள்

கட்டணம் 10 ரூபாய். தமிழ்நாட்டில் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பலாம், ஆன்லைனிலும் போடலாம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. தபால் என்றால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரமா வைங்க. தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும் பரவாயில்லை, 5 நாளுக்குள் அவர்களே சரியான இடத்துக்கு மாற்றணும்.

30 நாளில் பதில் வரணும். உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரம். கெடு தாண்டிவிட்டால் நகல்களுக்குப் பக்கக் கட்டணம் வாங்கக்கூடாது. நியாயமான காரணமின்றித் தாமதித்த பொதுத் தகவல் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை தகவல் ஆணையம் அபராதம் போடலாம். அது அவர் சொந்தப் பணத்தில் போகும்.

போலீஸ் புகார் என்றால் கொஞ்சம் சிக்கல். ‘விசாரணை நடக்குது, 8(1)(h)’ என்று மறுப்பார்கள். ஆனால் விசாரணை நடக்கிறது என்பது மட்டுமே காரணமாகாது, தகவல் தந்தால் அது எப்படிப் பாதிக்கும் என்று காட்டணும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2007-லேயே தீர்ப்பளித்திருக்கிறது. மேல்முறையீட்டில் இதைக் குறிப்பிடலாம்.

பெயர் கேட்பதில் புதுச் சிக்கல்

அதிகாரி மீதே புகார் கொடுத்தவர்கள் கவனிக்க வேண்டிய மாற்றம் இது. தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, ஆர்டிஐ-யின் 8(1)(j) பிரிவைச் சுருக்கிவிட்டது. 2025 நவம்பரில் இது அமலுக்கு வந்தது. முன்பு பொதுப் பணிக்குத் தொடர்பில்லாத தனிப்பட்ட தகவலைத்தான் மறுக்க முடியும். இப்போது ‘தனிப்பட்ட தகவல்’ என்றாலே மறுக்கலாம் என்கிற மாதிரி வாசகம் இருக்கிறது. ஒழுங்கு நடவடிக்கை விவரங்களை 2012 உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டி ஏற்கெனவே மறுத்து வந்தார்கள். இனி கதவு இன்னும் குறுகும். தனியுரிமை வேணும்தான், ஆனால் அரசு ஊழியர் கோப்பில் போட்ட கையெழுத்து எப்படித் தனியுரிமை ஆகும் என்பது எனக்குப் புரியவே இல்லை.

இப்போதைக்கு ஒரு வழி, பெயருக்குப் பதில் பதவியைக் கேட்பது. பொதுநலன் அதிகமாக இருந்தால் விலக்குள்ள தகவலையும் தரலாம் என்கிற 8(2) பிரிவு அப்படியே இருக்கிறது, அதையும் சுட்டிக்காட்டுங்க.

பதில் வரலையா?

பதில் கிடைத்த நாளில் இருந்தோ, கெடு முடிந்த நாளில் இருந்தோ 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலரிடம் முதல் மேல்முறையீடு. அங்கேயும் நியாயம் கிடைக்கலைன்னா 90 நாளுக்குள் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு. பலர் அவசரத்தில் 18-வது பிரிவின் கீழ் ஆணையத்துக்கு நேராகப் புகார் அனுப்பிவிடுகிறார்கள். அந்தப் பிரிவில் ஆணையம் அபராதம் விதிக்கலாமே தவிர, தகவலைத் தரச் சொல்லி உத்தரவிட முடியாது என்பது 2011 மணிப்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆவணம் வேணும்னா 19-வது பிரிவு மேல்முறையீடுதான் பாதை.

ஆணையத்தில் கூட்டம் அதிகம். நாடு முழுக்க 4 லட்சத்துக்கும் மேற்பட்ட மனுக்கள் தேங்கிக் கிடப்பதாக சதர்க் நாகரிக் சங்கதனின் 2024 அறிக்கை சொன்னது. அதனால் முதல் விண்ணப்பத்தையே கச்சிதமாக எழுதுவது நல்லது.

எங்க தெரு விளக்குக்கு 27-வது நாளில் பதில் வந்தது. ‘கள ஆய்வு செய்து சரிசெய்யப்பட்டது.’ ஆய்வுத் தேதி இல்லை, அறிக்கை நகல் இல்லை, போட்டோவும் இல்லை. ஆனால் மறுநாள் மாலையே ஏணியோடு ரெண்டு பேர் வந்து பல்பை மாற்றிட்டுப் போனாங்க. பதிலில் ஏற்கெனவே சரிசெய்ததாகச் சொன்ன அதே பல்பை. முதல் மேல்முறையீடு போயிருக்கு.