கெட்ட சோறும் புரட்சியும்

2022 ஜூலை 9ந் தேதி கொழும்பு ஜனாதிபதி மாளிகைக்குள் ஜனங்கள் புகுந்தார்கள். அதிகார உச்சியில் இருந்தவரின் நீச்சல் குளத்தில் சாமானிய வீட்டுப் பிள்ளைகள் குதித்துக் குளித்ததை உலகமே பார்த்தது. கோத்தபய ராஜபக்ச 13ந் தேதி விடியுமுன் ராணுவ விமானத்தில் மாலத்தீவுக்கு ஓடினார். மறுநாள் சிங்கப்பூரிலிருந்து ராஜினாமாவை அனுப்பினார். அதுமுதல் மண்ணூரிலும் ஒரகடத்திலும் ஷிப்டு முடிந்து டீக்கடையில் நிற்கும் தொழிலாளிகளிடையே ஒரு கேள்வி உலவுகிறது. அக்கரையில் நடந்தது இக்கரையில் ஏன் நடக்கவில்லை? அங்கே நடந்ததைத்தான் புரட்சி என்று சொல்லலாமா?

நியாயமான கேள்வி. அவசரத்தில் சொல்லப்படும் பதில்தான் சரியில்லை. வயிறு காய்ந்தால் ஜனங்கள் எழுவார்கள், இங்கே இன்னும் அவ்வளவு காயவில்லை என்கிறார்கள். வயிறு காய்வதுதான் காரணமென்றால் 1943ல் வங்காளத்தில் பிரளயமே வந்திருக்க வேண்டும், தோழர்களே! பஞ்சத்திலும் அதைத் தொடர்ந்த நோயிலும் சுமார் 30 லட்சம் பேர் மடிந்தார்கள். கல்கத்தா வீதிகளில் பிணங்கள் கிடந்தன. பதுக்கல்காரனிடம் அரிசி இருந்தது, பட்டாளத்துக்கு அரிசி இருந்தது. வெள்ளைக்காரன் ஆட்சி அசையவில்லை. பட்டினி கிடந்தவனுக்கு எழுந்து நிற்கத் தெம்பில்லை. சர்க்காருக்கோ யுத்தகால ராணுவ பலம் முழுசாக இருந்தது.

பட்டினியை விடுவோம். கெட்டுப்போன சாப்பாட்டை எடுத்துக்கொள்வோம்.

1905 ஜூனில், கருங்கடலில் பொட்டெம்கின் என்ற போர்க்கப்பல். மாலுமிகளுக்கு வந்த இறைச்சியில் புழு நெளிந்தது. கப்பல் டாக்டர் பார்த்துவிட்டு, தின்னலாம் என்றார். மாலுமிகள் கப்பலையே கைப்பற்றிவிட்டார்கள். அடக்க வந்த கப்பல்களின் மாலுமிகள் சுட மறுத்தார்கள். ஆனால் பெரும்பாலோர் கூடச் சேரவும் இல்லை. கடைசியில் பொட்டெம்கின் ருமேனியாவில் போய்ச் சரணடைந்தது. தரையில் ஜாரின் பட்டாளத்தில் பெரும்பகுதி ஜாரின் பேச்சையே கேட்டது. டிசம்பரில் எழுந்த மாஸ்கோ தொழிலாளரைப் பீரங்கி வைத்து அடக்கினார்கள்.

1946 பிப்ரவரி 18, பம்பாய். 'தல்வார்' கடற்படைத் தளத்தில் இந்திய மாலுமிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சோறு சரியில்லை, அதிகாரியின் வாயில் இனவெறி வசவு, அங்கேதான் ஆரம்பம். சில நாட்களில் 78 கப்பல்களுக்கும் சுமார் 20,000 மாலுமிகளுக்கும் பரவிற்று. 22ந் தேதி பம்பாய் மில் தொழிலாளி எந்திரத்தை நிறுத்திவிட்டுத் தெருவில் இறங்கினான். 200 பேருக்கு மேல் குண்டுக்கு இரையானார்கள். காங்கிரஸ் தலைவர்களும் லீக் தலைவர்களும், மற்ற எதிலும் ஒத்துப்போகாதவர்கள், சரணடையுங்கள் என்பதில் மட்டும் ஒத்துப்போனார்கள். 23ந் தேதி மாலுமிகள் பணிந்தார்கள். இருந்தாலும், இனி இந்தியச் சிப்பாயை நம்பி இந்தியாவை ஆள முடியாது என்பது லண்டனுக்குப் புரியாமல் போகவில்லை.

மூன்றாவது தட்டு நம் பக்கத்திலேயே. 2021 டிசம்பரில், சுங்குவார்சத்திரம் பாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பூட்டும் பெண்கள் தங்கிய விடுதியில் சாப்பாடு விஷமாகி 250 பேருக்கு மேல் வைத்தியம் பார்க்க வேண்டி வந்தது. 159 பேர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். கூட வேலை செய்தவள் உயிரோடு இருக்கிறாளா என்று கேட்டு, பெண்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆலை நின்றது, ஜனவரி 12ல்தான் திரும்ப ஓடியது. விடுதிகள் சில தரமாக இல்லை என்று ஆப்பிள் கம்பெனியே ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

மூன்று இடத்திலும் சோறுதான் கெட்டது. ஒன்று ஜாரை உலுக்கியது, ஒன்று சாம்ராஜ்யத்தை உலுக்கியது, ஒன்று விடுதிச் சமையலறையைத் திருத்தியது. ஆகவே காரணத்தைத் தட்டில் மட்டும் தேடினால் கிடைக்காது. தட்டுக்கு மேலே ஆள்கிறவன் எந்த நிலையில் இருக்கிறான் என்று பார்க்க வேண்டும்.

அதே ருஷ்யாவை 12 வருஷம் கழித்துப் பாருங்கள். 1917 மார்ச் 8ந் தேதி பெட்ரோகிராடு துணி ஆலைப் பெண்கள் ரொட்டி கேட்டு வெளியே வந்தார்கள். 11ந் தேதி கூட்டத்தைச் சுட்ட வொலின்ஸ்கி ரெஜிமெண்டு, 12ந் தேதி காலையில் கூட்டத்தின் பக்கம் திரும்பியது. 15ந் தேதி ஜார் முடி துறந்தான். இடையில் மாறியது என்ன? யுத்தம் மூன்றாம் வருஷத்தில் இருந்தது. துப்பாக்கி பிடித்தவன் நிலமில்லாத குடியானவன். தளபதிகளே ஜாரிடம் போய்விடு என்றார்கள். கீழே இருப்பவன் பழையபடி வாழ மறுப்பது மட்டும் போதாது, மேலே இருப்பவனால் பழையபடி ஆளவும் முடியாமல் போக வேண்டும் என்று லெனின் 1915லேயே எழுதியிருந்தார்.

பிரான்சிலும் இதே கதைதான். 1788ல் அரசன் வருமானத்தில் ஏறக்குறையப் பாதி கடன் வட்டிக்கே போயிற்று. பிரபுக்கள் வரி கொடுக்க மறுத்தார்கள். வேறு வழியின்றி, 1614க்குப் பிறகு கூடாத சபையை 1789 மே மாதம் அரசன் கூட்டினான். ரொட்டி விலை ஏறிய ஜூலையில் பாஸ்டில் சிறையைத் தாக்கிய ஜனங்களோடு பட்டாளத்துக்காரனும் நின்றான்.

இப்போது இலங்கைக்கு வருவோம். 2019ல் வரியைக் குறைத்தார்கள். 2021ல் ரசாயன உரத்துக்குத் தடை போட்டு விவசாயியின் வயலில் கை வைத்தார்கள். 2022 ஏப்ரல் 12ல் வெளிக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். அதற்கு முன்பே மந்திரிகள் கூட்டமாக ராஜினாமா செய்திருந்தார்கள். ஜூலை 9ல் படை ஜனங்களைத் தடுத்து நிறுத்தவில்லை. பிரான்சில் கண்ட அறிகுறிகள் அத்தனையும் இருந்தன! ஆனால் பாருங்கள், ஜூலை 20ந் தேதி பழைய பார்லிமெண்டே ரணில் விக்கிரமசிங்கவை ஜனாதிபதியாக்கியது. 22ந் தேதி விடியுமுன் அதே படை காலி முகத்திடலுக்குள் புகுந்து போராட்டக்காரரை அடித்து விரட்டியது. ஒரு குடும்பம் போயிற்று. அரசு இயந்திரம் ஒரு திருகாணி கூடக் கழலாமல் நின்றது. 1971ல் ஆயுதம் எடுத்து நசுக்கப்பட்ட ஜே.வி.பி.யின் தலைவர் 2024 செப்டம்பரில் வாக்குச்சீட்டில் ஜனாதிபதி ஆனார். அது பெரிய மாற்றம்தான், குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மலையகத்தில் கொழுந்து பறிக்கும் நம் பெண்ணைப் போய்க் கேளுங்கள், தோட்டம் யாருடையது என்று. அவள் படுப்பது இன்னும் லயத்தில்தான்.

விவசாயக் கூலிகள் தெலங்கானாவை நினைத்துக்கொள்ள வேண்டும். அங்கே நிலமே கைமாறியது. 1946 ஜூலையில் கடவெண்டி கிராமத்தில் தொட்டி கொமரய்யா சுடப்பட்டார். அதிலிருந்து மூண்ட போரில் சுமார் 3,000 கிராமங்களில் வெட்டி வேலை ஒழிந்தது, 10 லட்சம் ஏக்கர் பங்கிடப்பட்டது. நிஜாம் தனித்துக் கிடந்த ஒரு ராஜா. அவனுக்காகச் சாக ரஜாக்கர்களைத் தவிர ஆளில்லை. 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் நுழைந்தது. ஐந்தே நாளில் நிஜாம் பணிந்தான், பிறகு துப்பாக்கி கிராமங்களின் பக்கம் திரும்பியது. நிஜாமை எதிர்த்து உடன் நின்றவர்களில் பலர் இப்போது ஒதுங்கினார்கள். எதிரே இருந்தது ஜனங்களில் பெரும்பாலோர் தங்களுடையது என்று நம்பிய புதிய சர்க்கார். 1951 அக்டோபரில் போராட்டம் நிறுத்தப்பட்டது. வீரம் குறைந்ததால் அல்ல. அதே வீரத்துக்கு முன்னால் நின்ற அரசு வேறாகிவிட்டது.

ஆக, டீக்கடைக் கேள்விக்குப் பதில் இதுதான். இங்கே ஆள்கிறவனால் இன்னும் பழையபடி ஆள முடிகிறது. கஜானா முடங்கவில்லை, பட்டாளம் பிளக்கவில்லை, ஓட்டுப் பெட்டியில் ஜனங்களுக்கு நம்பிக்கை இருக்கிறது. அந்த நெருக்கடியை யாரும் ஆர்டர் கொடுத்து வரவழைக்க முடியாது. நம் கையில் உள்ளது ஸ்தாபனம் ஒன்றே. 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் சாம்சங் தொழிலாளர் சுங்குவார்சத்திரத்தில் வேலைநிறுத்தம் செய்தது முக்கியமாக எதற்காக? சங்கத்துக்கு அங்கீகாரம் வேண்டி! 1926ம் வருஷத்துச் சட்டம் கொடுத்த உரிமைப்படி அந்தச் சங்கம் பதிவானது 2025 ஜனவரியில்தான். 2021ல் அதே வட்டாரத்தில் நெடுஞ்சாலையில் உட்கார்ந்த பெண்களுக்கு அப்படி ஒரு சங்கம் இருக்கவில்லை.