லாரிக்கு ஏ.சி. வந்தாச்சு, தண்ணீர் எப்போ?

திருச்செந்தூர் போனவர்களுக்கு அந்த வரிசை தெரியும். முதலில் கடல், அப்புறம் நாழிக்கிணறு. கடலில் முங்கி எழுந்த உடம்பை நல்ல தண்ணீரில் நனைத்துவிட்டுத்தான் கோயிலுக்குள் போவார்கள். உப்பு உடம்பில் காய்ந்தால் என்ன ஆகும் என்று இந்தக் கடற்கரைக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அரிக்கும், எரியும், தொடை இடுக்கில் புண்ணாகும். தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளித்தது 1961-ல். அன்றைக்குக் குளித்தவர்களுக்கும் அது தெரியும், இன்றைக்குச் சங்கு குளிப்பவர்களுக்கும் தெரியும்.

வெளிநாட்டில் இதற்கென்றே ஒரு சாதனம் விற்கிறார்கள். காரின் அல்லது டிரக்கின் கூரைமேல் நீளவாக்கில் ஒரு குழாய்த் தொட்டி. கறுப்பு நிறம், அதனால் வெயிலில் தண்ணீர் தானாகச் சுடும். சைக்கிள் பம்பால் நாலு அடி அடித்தால் உள்ளே அழுத்தம் ஏறும். பீச்சில் ஆட்டம் முடிந்து வருகிறவர் ஹோஸைத் திறந்தால் ஷவர் மாதிரி பீய்ச்சும். கேம்பிங் போனால் தட்டுக் கழுவலாம், கால் மணலை அலசலாம், கூட வந்த நாயையும் குளிப்பாட்டலாம். அருமையான பொருள்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஒரே ஒரு கேள்வி. வருஷத்துக்கு நாலு நாள் வண்டியில் ஊர் சுற்றுகிறவருக்கு இது வேண்டும் என்று உலகத்துக்குத் தோன்றியது. வருஷம் முழுக்க வண்டியிலேயே வாழ்கிறவருக்கு வேண்டும் என்று ஏன் யாருக்கும் தோன்றவில்லை?

தூத்துக்குடித் துறைமுகம் 1974-ல் பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 2011-ல் வ.உ.சி. பெயர் வைத்தார்கள். நிலக்கரி, உரம், மரத்தடி, உப்பு, கன்டெய்னர் என்று எல்லாவற்றையும் சுமப்பது லாரி. நிலக்கரி ஏற்றி இறக்கும் லாரியின் டிரைவரையும் கிளீனரையும் பார்த்தால் போதும். கண்ணும் பல்லும் தவிர மீதி எல்லாம் கறுப்பு. உப்பளத்துப் பக்கம் போகும் லாரி என்றால் வெள்ளை. கறுப்பானாலும் வெள்ளையானாலும் அந்தக் கையால்தான் அடுத்த வேளைச் சோறு.

"பங்க்கில் பாத்ரூம் இருக்கே அண்ணாச்சி, அங்கே போய்க் குளிக்கலாமே?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். எண்ணெய் நிறுவனங்கள் 'அப்னா கர்' என்ற பெயரில் சில பங்க்குகளில் டிரைவர்களுக்குத் தங்கும் இடமும் குளியலறையும் கட்டியிருக்கின்றன. நல்ல காரியம். ஆனால் கேட்டுக்கு முன்னால் வரிசையில் நிற்கும் லாரிக்கு அது எப்படி உதவும்? வரிசை எப்போது நகரும் என்று யாருக்கும் தெரியாது. வண்டியை விட்டுப் போனால் இடம் போகும். சில நேரம் டீசலும் போகும், ஸ்பேர் டயரும் போகும். ஆகவே டிரைவர் தண்ணீரைத் தேடிப் போக முடியாது, தண்ணீர்தான் டிரைவரோடு போக வேண்டும். பீச்சுக்குப் போகிறவரின் கூரைத் தொட்டிக்குப் பின்னால் இருப்பதும் இதே தர்க்கம்தான்!

சட்டம் என்ன சொல்கிறது? 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், இரவில் தங்க நேரும் இடங்களில் ஓய்வறை வேண்டும் என்றது. ஆனால் 5 தொழிலாளர்களாவது இருக்கும் நிறுவனத்துக்குத்தான் அந்தச் சட்டம். ஒற்றை லாரியைக் கடனில் வாங்கி ஓட்டுகிறவரும் அவரது டிரைவரும் அப்போதே வெளியே நின்றார்கள். அந்தச் சட்டத்தைத் தனக்குள் இழுத்துக்கொண்ட 2020-ஆம் ஆண்டு தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. அதில் குளிக்கும் இடம் பற்றியெல்லாம் அழகாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் 5 என்ற எண் 10 ஆகிவிட்டது. ஓட்டை சிறிதாகும் என்று பார்த்தால் பெரிதாகியிருக்கிறது. அது போகட்டும், லாரி டிரைவருக்குத் தொழிற்கூடம் எது? அந்த லாரிதானே? குளிக்கும் இடத்தை வேறெங்கே கட்டுவார்களாம்?

லாரிக்குள் அரசு கையே வைக்காது என்றும் சொல்ல முடியாது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம். வரவேற்க வேண்டிய விதி, தூத்துக்குடி வெயிலில் நின்று பார்த்தவர் எவரும் அதை எதிர்க்க மாட்டார். ஏ.சி.யையே கட்டாயமாக்க முடிந்த கைக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி அவ்வளவு பாரமா என்பதுதான் கேள்வி.

கணக்கும் போட்டுப் பார்க்கலாம். உள் விட்டம் 10 செ.மீ. உள்ள குழாய் ஒரு மீட்டருக்குச் சுமார் 7.8 லிட்டர் பிடிக்கும். இரண்டரை மீட்டர் நீளத்துக்கு 20 லிட்டர் வந்துவிடும். நிமிஷத்துக்கு 2 லிட்டர் விடும் சின்ன ஷவர் தலை போட்டால் 10 நிமிஷக் குளியல். எடை 20 கிலோ, குழாயோடு சேர்த்தால் இன்னும் கொஞ்சம். 2018-ல் இரண்டு ஆக்சில் லாரியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடையை 2 டன்னுக்கு மேல் கூட்டினார்கள். சரக்குக்கு 2000 கிலோ விட்டுக்கொடுக்க முடிந்தது. ஓட்டுகிறவனின் குளியலுக்கு 20 கிலோ இல்லையா?

செய்முறையில் மட்டும் கவனம் வேண்டும். பி.வி.சி. குழாயின் இரண்டு முனையையும் மூடி, காற்றடித்து, "நானும் செய்துவிட்டேன்" என்று யாரும் கிளம்ப வேண்டாம். சாதாரண பி.வி.சி. குழாய் அழுத்திய காற்றுக்கானது அல்ல. வெயிலில் காய்ந்து நொய்ந்துபோன குழாய் வெடித்தால் துண்டு துண்டாகச் சிதறும். ஏர் பிரேக்கில் இருந்து காற்றை இழுத்துவிடலாம் என்று ஒர்க் ஷாப்பில் யாராவது யோசனை சொன்னால் அந்தப் பக்கமே போகக் கூடாது. குளியலுக்காகப் பிரேக்கைப் பறிகொடுக்க முடியாது.

அதைவிட எளிய வழி பக்கத்துக் கரிசல் காட்டிலேயே இருக்கிறது. பயிருக்கு மருந்தடிக்கும் பேட்டரி ஸ்பிரேயரில் ஒரு சின்ன பம்ப் இருக்குமே, அந்த வகைப் பம்ப் புதிதாக ஒன்று, சேசிஸ் ஓரமாக ஒரு தொட்டி, ஒரு ஹோஸ். அவ்வளவுதான். (மருந்து பட்ட பழையதை மட்டும் தொடவே கூடாது.) கறுப்புப் பெயின்டும் வேண்டாம். இந்த ஊரில் மே மாதம் தண்ணீரைச் சுட வைக்க யாரும் மெனக்கெட வேண்டியதில்லை! எல்லாம் சேர்த்தாலும் ஒரு புது லாரி டயரின் விலையில் பாதி வராது.

"டிரைவர்கள் அந்தத் தண்ணீரில் வண்டி கழுவுவார்கள்" என்று ஓர் ஆட்சேபம் வரும். 20 லிட்டரில் லாரி கழுவ முடியுமா என்று ஒருமுறை முயன்று பார்த்துவிட்டு வந்து பேசட்டும். "தாமிரபரணித் தண்ணீருக்கே தட்டுப்பாடு, இதில் லாரிக்கு வேறா?" என்று இன்னொன்று. அதே ஆற்றில் இருந்துதான் இங்குள்ள ஆலைகளுக்கு நாளொன்றுக்கு 2 கோடி கேலன் என்று திட்டம் போட்டுக் குழாய் பதித்தார்கள். அதற்கு முன்னால் ஒரு மனிதனின் ஒரு வாளி எந்த மூலைக்கு? ஆலைக்கு வந்த சரக்கைக் கொண்டுவந்து சேர்த்ததும் அதே மனிதன்தான்.

பி.காம். பாடத்தில் ஒன்று சொல்லித் தருவார்கள். முதலாளி கட்டாத செலவு காணாமல் போவதில்லை, வேறொருவர் தலையில் ஏறும். இங்கே அது டிரைவரின் தோலில் ஏறுகிறது. சொறியாக, புண்ணாக, ஊருக்குத் திரும்பியதும் பிள்ளையைத் தூக்கத் தயங்கும் கையாக. எந்த ஐந்தொகையிலும் அந்தச் செலவு வராது.

கேட்பது பெரிதல்ல. எஃப்.சி. காட்டப் போகும் லாரியில் முதலுதவிப் பெட்டி இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி: 20 லிட்டர் தொட்டி, ஒரு பம்ப், ஒரு ஹோஸ். துறைமுக கேட்டில் அதை நிரப்பிக்கொள்ள ஒரு குழாய். சாமி கும்பிடப் போகிறவருக்குக் கடலோரத்தில் நல்ல தண்ணீர் கொடுத்த கரை இது. சரக்கு ஏற்றப் போகிறவருக்கும் ஒரு நாழிக்கிணறு வேண்டாமா?