கணக்கு முடிச்சாச்சு, லீவுக் காசு எங்கே?

ஒரகடம், வல்லம் வடகால், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம்... இந்தப் பக்கத்துக் கம்பெனிகளில் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்தவர்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். "வேலையை விட்டப்போ எடுக்காத லீவுக்குக் காசு குடுத்தாங்களா?" நான் கேட்டவரையில் முழிப்புதான் பதில். "அப்படியெல்லாம் ஒண்ணு இருக்கா?" என்று என்னையே திருப்பிக் கேட்கிறார்கள்.

இருக்கிறது மக்களே. 1948-ல் வந்த தொழிற்சாலைகள் சட்டத்தின் 79-வது பிரிவிலேயே இருந்தது. 20 நாள் வேலை செய்தால் ஒரு நாள் சம்பளத்தோடு லீவு. அதை எடுக்காமல் வேலையை விட்டால் அந்த நாட்களுக்குச் சம்பளம். நீங்களாக விட்டாலும் சரி, அவர்கள் துரத்தினாலும் சரி, இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் கைக்கு வரவேண்டும். ஆள் இறந்துபோனால் வாரிசுக்கு இரண்டு மாதத்துக்குள். 2025 நவம்பர் 21-ல் பழைய சட்டம் போய்ப் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்தன. அதிலும் இந்த விஷயம் அப்படியே இருக்கிறது.

அப்புறம் ஏன் கிடைப்பதில்லை? இங்கேதான் 240 என்ற மந்திர எண் வருகிறது.

எங்கள் காலேஜ் சீனியர் அண்ணன் ஒருவர் 2024-ல் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் (பெயர் வேண்டாம்) ஜனவரியில் சேர்ந்து ஆகஸ்டில் விட்டார். வேலை செய்தது 190 நாள். லீவுக் காசு கேட்டதற்கு, "240 நாள் முடிக்கலையேப்பா, உனக்கு லீவே கிடையாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அண்ணனும் நம்பிவிட்டார். நானாக இருந்தாலும் நம்பியிருப்பேன், அவ்வளவு அடித்துச் சொல்லியிருக்கிறார்கள்.

ஆனால் அந்த 240 நாள் கணக்கு வேலையில் இருந்துகொண்டே லீவு எடுப்பவருக்குத்தான். வேலையை விட்டுப் போகிறவர் அந்த நாட்களை முடிக்காவிட்டாலும் உழைத்த நாட்களுக்கு ஏற்ப லீவுச் சம்பளம் உண்டு என்று அதே 79-வது பிரிவு தெளிவாகச் சொன்னது. புதிய சட்டம் 240-ஐ 180 ஆக்கிவிட்டது, விட்டுப் போகிறவருக்கு அந்த 180-ம் தேவையில்லை.

அண்ணன் கணக்கைப் பாருங்கள். 190-ஐ 20-ஆல் வகுத்தால் ஒன்பதரை. அரை நாளோ அதற்கு மேலோ இருந்தால் முழு நாளாக எடுக்கவேண்டும் என்பதும் சட்டம்தான். ஆக 10 நாள். ஒரு நாள் சம்பளம் 600 ரூபாய் என்றால் 6,000. ஸ்ரீபெரும்புதூரில் நாலு பேர் தங்கும் ரூமுக்கு வாடகைப் பங்கும் மெஸ் பாக்கியும் கட்டிவிட்டு ஊருக்கு பஸ் ஏறலாம். ஒருவருக்கு 6,000 சின்னத் தொகையாகத் தெரியலாம். ஆயிரம் பேர் சேர்ந்து விலகும் ஒரு கம்பெனிக்கு அது 60 லட்சம்! யார் பையில் இருக்கிறது அந்தக் காசு?

இன்னொரு பக்கம், லீவே எடுக்காமல் வந்தால் அட்டெண்டன்ஸ் இன்சென்டிவ் என்று ஆசை காட்டுகிறார்கள். ஒரு நாள் போனால் அந்த மாசத்து இன்சென்டிவ் மொத்தமும் காலி. இப்படி லீவு எடுக்கவிடாமல் செய்துவிட்டு, போகும்போது "எடுக்காத லீவு உன் பாடு" என்றால் என்னங்க நியாயம் இது?

காண்ட்ராக்ட் ஆட்கள் கதை இதைவிட மோசம். கம்பெனி காண்ட்ராக்டரைக் கைகாட்டும், காண்ட்ராக்டர் போனை எடுக்கமாட்டார். காண்ட்ராக்டர் மூலம் வந்தவரும் 'தொழிலாளி'தான் என்று 1948 சட்டத்தின் விளக்கத்திலேயே இருந்தது. காண்ட்ராக்டர் சம்பளம் தராவிட்டால் வேலை வாங்கிய நிறுவனம் தரவேண்டும் என்று 1970 சட்டம் சொன்னது, புதியதும் சொல்கிறது. அதனால்தானோ என்னவோ, 'டிரெய்னி' என்ற பெயர் இவ்வளவு பிரபலம். 2013-ல் ஏஐசிடிஇ கொண்டுவந்த நீம் திட்டத்தில் சேர்ந்தவர்கள் பயிற்சியாளர்கள்தான், தொழிலாளிகள் அல்ல. லைனில் செய்தது என்னவோ அதே வேலை. பெயரை மாற்றினால் லீவும் மாயம்!

கூடவே ஒரு விஷயம். 2023-ல் மத்திய அரசு, தனியார் ஊழியர்கள் ஓய்வு பெறும்போதோ விலகும்போதோ வாங்கும் லீவுக் காசுக்கான வரிவிலக்கை 3 லட்சத்திலிருந்து 25 லட்சமாக உயர்த்தியது. நல்லதுதான், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏசி ரூமில் இருப்பவரின் லீவு 25 லட்சம் வரை மதிக்கப்படுகிறது. லைனில் நிற்பவரின் லீவு 6,000-க்கே வழியைக் காணோம்.

"லீவு என்பது ஓய்வுக்கு, அதைக் காசாக்குவது தப்பு" என்று நிர்வாகவியல் படிக்கும் நண்பன் ஒருவன் வாதாடினான். பாதி ஒத்துக்கொள்கிறேன். எனக்கும் காசைவிட ஓய்வுதான் முக்கியம். ஓய்வைக் கொடுங்கள், யார் காசு கேட்கப் போகிறார்கள்? ஓய்வையும் கொடுக்காமல் காசையும் கொடுக்காமல் இருப்பதற்கு இந்தத் தத்துவத்தைத் துணைக்குக் கூப்பிடக் கூடாது.

வேலையை விடுவது இங்கே அபூர்வமான விஷயமும் இல்லை. 2014 நவம்பர் 1-ல் நோக்கியா ஆலை நின்றது. அடுத்த மாதமே பக்கத்தில் ஃபாக்ஸ்கான் உற்பத்தியை நிறுத்தியது. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே வருடத்தில் வெளியே போன இடம் இது. போகும்போது என்ன வரவேண்டும் என்பதை ஐடிஐயிலும் பாலிடெக்னிக்கிலும் ஒரு பீரியடாவது சொல்லித்தரலாம். எங்களுக்கு மூணு வருஷம் லேத் சொல்லிக்கொடுத்தார்கள், இதை ஒருத்தரும் சொல்லவில்லை.

இந்த டிசம்பரில் கேம்பஸில் செலக்ட் ஆகிப் போகிற நம்ம க்ளாஸ் ஆட்களுக்கு ஒன்று. சாதாரணமாக அடுத்த வருடத்துக்கு 30 நாள் லீவுதான் சேர்த்துக்கொண்டு போகலாம். ஆனால் நீங்கள் முறைப்படி கேட்டு அவர்கள் மறுத்த லீவுக்கு அந்த உச்சவரம்பே கிடையாது. வாயால் சூப்பர்வைசரிடம் கேட்டால் கேட்டதற்கு சாட்சி இல்லை. பதினைந்து நாள் முன்னாலேயே எழுதிக் கொடுங்கள், கொடுப்பதற்கு முன்னால் போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாளில் "எல்லாப் பாக்கியும் பெற்றுக்கொண்டேன்" என்று ஒரு தாளை நீட்டுவார்கள். அதில் லீவு நாட்கள் எத்தனை என்று ஒரு வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேனாவை எடுங்கள்.