அறுநூறு ரூபாயும் ஒரு கணக்கேடும்

வேலை தேடும் இளைஞனுக்கு இந்நாட்டில் இரண்டு கணக்குகள் உண்டு. ஒன்று, அவனைப் பற்றிப் பிறர் எழுதிவைத்திருக்கும் கணக்கு. மற்றொன்று, அவன் தன் கையாலேயே எழுதவேண்டிய கணக்கு. முதற்கணக்கு வேலைவாய்ப்பு அலுவலகத்திலும், வருமான வரித் துறையிலும், வங்கியிலும், நகராட்சியிலும் நாள்தோறும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. இரண்டாவது கணக்கோ, திருமங்கலத்துத் தெருக்களில் பல வீடுகளில் இன்னும் பிறக்கவே இல்லை. பிறவாத அந்த ஏட்டைப் பற்றியே இந்த ஞாயிறன்று உங்களோடு பேச விழைகிறேன்.

"கணக்கு எழுதுவதும் ஓர் அரசியலா?" என்று நகைப்போர் இருப்பர். நகைக்கட்டும்! மேடையில் உரிமை பேசுவது எளிது. அந்த உரிமைக்குச் சான்று கேட்கப்படும்போது எடுத்துக் காட்டத் தாள் இல்லையெனில், பேசிய பேச்சு காற்றோடு போகும்.

முதலில் உதவித்தொகையைக் காண்போம். படித்தும் வேலையின்றி இருப்போர்க்குத் தமிழக அரசு திங்கள் கணக்கிட்டு, காலாண்டுக்கு ஒருமுறை வழங்கும் தொகை இது. பள்ளி இறுதி வகுப்பில் தேறாதவர்க்கு 200 ரூபாய்; தேறியவர்க்கு 300; மேல்நிலைக் கல்வி முடித்தோர்க்கு 400; பட்டதாரிக்கு 600. பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்கல்வி கற்றோர்க்கு இது இல்லை. பதிவு செய்து ஐந்தாண்டு காத்திருக்க வேண்டும்; குடும்பத்தின் ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டலாகாது; பெறும் காலமோ மூன்றே ஆண்டு. மாற்றுத்திறனாளிகளுக்குத் தனி விதியும் தனித் தொகையும் உண்டு. பட்டதாரி ஒருவன் மூன்றாண்டும் ஒரு நாள் தவறாமல் பெற்றாலும் அவன் கையில் சேர்வது 21,600 ரூபாய். இந்த எண்ணை நெஞ்சில் நிறுத்துங்கள்; பின்னர் இதனிடம் திரும்பி வருவோம்.

இத்தொகையைப் பெறுவோன் ஊதியம் தரும் எந்தப் பணியிலும் இருத்தல் கூடாது. சுயதொழிலும் செய்தல் கூடாது. ஆண்டுதோறும் அவ்வாறே உறுதிமொழி எழுதித் தரவேண்டும். விதி வகுத்தோர் கண்ணில் இரண்டே வகை மனிதர் தென்பட்டனர்: வேலையுள்ளோர், வேலையற்றோர். இரண்டுக்கும் நடுவே வாயிற்படியில் நிற்பவனை அவர்கள் காணவில்லை.

யார் அந்த வாயிற்படி மனிதன்? திருமங்கலத்திலும் கள்ளிக்குடியிலும் செக்கானூரணியிலும் மாடியறையில் கணினி ஒன்றை வைத்துக்கொண்டு, கடைக்கு விளம்பரம் வரைபவன், நிறுவனத்துக்கு மொழிபெயர்ப்பவன், திருமணப் படத்தைத் தொகுப்பவன், மதுரைக் கடைகளுக்கு உள்ளலங்காரம் வடிவமைப்பவன். முதலாளி இல்லை, மாதச் சம்பளம் இல்லை, வருகைப் பதிவேடு இல்லை. 'ஃப்ரீலான்ஸ்' என்று நாகரிகமாக அழைக்கிறார்கள். நம் மொழியில் தனித்தொழில் என்போம். இந்தத் திங்கள் 1,500 ரூபாய் வரும். அடுத்த திங்கள் ஒன்றும் வராது. அதற்கடுத்த திங்கள் 2,000 வரும். வந்ததைச் சொன்னால் உதவித்தொகை நின்றுபோகும். சொல்லாவிடின் உறுதிமொழி பொய்யாகும். உண்மை பேசுவோனுக்கு நட்டமும், பொய் பேசுவோனுக்கு அச்சமும் தருகின்ற விதியை நல்ல விதி என்று எவர் சொல்வார்?

"மறைத்துவிடு!" என்று அறிவுரை நல்குவோர் தெருவுக்கு நால்வர் உண்டு. அவர் சொல் கேளாதீர், தோழர்களே! பணம் தந்த நிறுவனம் பான் எண்ணோடு அதனை அரசுக்குத் தெரிவிக்கிறது. வங்கியில் வரவு நிற்கிறது. அறுநூறு ரூபாய்க்காக ஏழை வீட்டுப் பிள்ளை பொய்யன் எனப் பெயர் வாங்குவதா? வருமானம் தொடங்கியதும் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவித்து, தன்னிடமுள்ள நகலில் பெற்றுக்கொண்டமைக்கான கையொப்பமும் நாளும் வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த நகல்தான் அவனுடைய புதிய கணக்கேட்டின் முதல் தாள்.

அடுத்து வருவது வரி. கப்பலூர்ச் சுங்கச்சாவடியை அறியாத திருமங்கலத்தார் உண்டோ? உள்ளூர் வண்டிக்கும் கட்டணமா எனத் தெருவில் இறங்கிப் போராடிய மக்கள் நாம். அங்கே தடுப்புக்கட்டை கண்ணுக்குத் தெரியும். பணம் போவதும் தெரியும். தனித்தொழில் செய்வோனின் பாதையிலோ கண்ணுக்குத் தெரியாத சுங்கச்சாவடி ஒன்று நிற்கிறது. நிறுவனம் ஒன்று ஒருவருக்கு ஓராண்டில் தரும் தொழில்முறைக் கட்டணம் 50,000 ரூபாயைத் தாண்டினால், நூற்றுக்குப் பத்து ரூபாயை முன்கூட்டியே பிடித்து டில்லிக்குச் செலுத்திவிட வேண்டும். 2025 ஏப்ரலுக்கு முன்பு இந்த வரம்பு 30,000 ரூபாயாக இருந்தது. பணியின் தன்மைக்கேற்ப விகிதம் குறைவதும் உண்டு. பான் எண் தராதவனிடமோ நூற்றுக்கு இருபது! 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் இடத்துக்கு 2025ஆம் ஆண்டில் புதுச் சட்டம் இயற்றினர். பிரிவு எண்கள் மாறின. பிடிக்கும் கை மாறவில்லை.

பிடித்த பணம் போன பணமா? இல்லை! இங்கேதான் நம்மவர் ஏமாறுகின்றனர். உள்ளலங்காரம் வடிவமைக்கும் அந்த இளைஞனையே எடுத்துக்கொள்வோம். நான்கு நிறுவனங்கள் ஆண்டில் தலைக்கு 60,000 ரூபாய் தருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 2,40,000. பிடித்தம் 24,000. ஆனால் அவன் கட்டவேண்டிய வரி எவ்வளவு? புதிய வரி முறையில் 2025-26 நிதியாண்டு முதல் 4 லட்சம் ரூபாய் வரை வரியே கிடையாது. அதற்கு மேலும் 12 லட்சம் வரை தள்ளுபடியால் வரி விலகுகிறது. அவனுடைய வரவு முழுவதையும் வருமானமாகக் கொண்டாலும் வரி சுழியம். எனவே 24,000 ரூபாயும் அவனுடைய பணம்.

நினைவிருக்கிறதா முன்சொன்ன எண்? மூன்றாண்டு உதவித்தொகை முழுவதும் சேர்ந்து 21,600. ஓராண்டில் பிடித்துவைத்த பணமோ 24,000! 'உனக்கு உதவினோம்' என்று ஓர் அரசு மூன்றாண்டில் ஈந்ததைவிட மிகுதியாக, மற்றோர் அரசு ஓராண்டில் அவன் உழைப்பிலிருந்து எடுத்து வைத்திருக்கிறது. வரிக் கணக்கு தாக்கல் செய்து கேட்டால் திரும்ப வரும். கேளாதவனுக்கு வராது. கேட்கத் தெரியாதவன் யார்? வரிக் கணக்கு என்றாலே அது பணக்காரர் விவகாரம் என்று நாம் சொல்லி வளர்த்த நம் வீட்டுப் பிள்ளைதான்!

உள்ளாட்சியின் ஏட்டிலும் விந்தை ஒன்று காண்பீர். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாய் வரை உள்ளவன் ஏழை, உதவித்தொகைக்கு உரியவன். ஆயின் அரையாண்டு வருமானம் 21,000 ரூபாயைத் தாண்டினால் தொழில் வரிக்கும் உரியவன்! அதாவது ஆண்டுக்கு 42,000. ஓர் ஏட்டில் வறியவன், மற்றோர் ஏட்டில் வரி கொடுப்போன். ஒரே ஆள், ஒரே வயிறு! ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் இவ்வரி வாங்கலாகாது என அரசியல் சட்டத்தின் 276ஆம் பிரிவு தடுத்திருப்பது ஒன்றே ஆறுதல்.

வரியே வேண்டாமென்று நாம் கூறவில்லை. பள்ளியும் மருத்துவமனையும் பேருந்தும் வரியால் நடப்பவை. கொடுக்கவேண்டியதைக் கொடுப்போம், திரும்ப வரவேண்டியதைக் கேட்டு வாங்குவோம். இரண்டுக்கும் வேண்டுவது கணக்கேடு. நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் போதும். நாள், பணி, பணம் தந்தவர், பற்றுச்சீட்டு எண், கேட்ட தொகை, பிடித்த தொகை, வங்கிக்கு வந்த தொகை என வரிசையாக எழுதுக. எதிர்ப்பக்கத்தில் மின்சாரம், இணையம், கணினிப் பழுது முதலிய செலவு. தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கு. பிடித்த தொகை தன் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று வரித் துறையின் இணையதளத்தில் காலாண்டுக்கு ஒருமுறை ஒப்புநோக்குக. ஏறாவிடின் உடனே நிறுவனத்துக்கு எழுதுக. குறிப்பிட்ட சில தொழில்களுக்கு வரவில் பாதியை வருமானமாகக் காட்டினால் விரிவான கணக்கேடு வேண்டாம் என்று சட்டமே சலுகை தருகிறது, உண்மைதான். ஆனால் நாளை வங்கியில் கடன் கேட்கும்போதும், கூலி பாக்கி வைத்த நிறுவனத்திடம் வழக்காடும்போதும் அந்தச் சலுகை சாட்சி சொல்லாது, ஏடுதான் சொல்லும்.

பதிவேடு என்னும் சொல்லின் பொருளை இந்த மண் இரத்தத்தால் கற்றது. ரேகைச் சட்டம் என்று மக்கள் அழைத்த குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ், குற்றமேதும் செய்யாத மக்களையும் பிறப்பால் குற்றவாளி என்று எழுதி, கைரேகை வாங்க வந்தது வெள்ளை ஆட்சி. அந்நாளில் திருமங்கலம் தாலுகாவில் இருந்த பெருங்காமநல்லூர் மக்கள் மறுத்தனர். 1920 ஏப்ரல் 3ஆம் நாள் துப்பாக்கி வெடித்தது. பதினாறு பேர் மாண்டனர். 1947இல்தான் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் ஒழிந்தது. அன்று மக்களைப் பற்றி ஆள்வோர் எழுதினர். அவர்களுடைய உண்மையை எழுதிவைக்க அவர்கள் கையில் ஏடில்லை. இன்று துப்பாக்கி இல்லை. ஏடு எழுதத் தடையும் இல்லை. எழுதாதிருப்பது நம் குற்றமாகிவிடக் கூடாது!

கணக்கெழுதினால் மட்டும் போதுமா? போதாது, விதியும் மாறவேண்டும். பிரிட்டனில் வேலையற்றோர்க்கும் குறை வருவாயினர்க்கும் தரும் உதவியில், வரம்புக்கு மேல் ஈட்டும் ஒவ்வொரு பவுண்டுக்கும் 55 பென்னி வீதம் உதவி குறைகிறது. தனித்தொழில் செய்வோர் திங்கள்தோறும் வரவு செலவைத் தெரிவிக்கின்றனர். அங்கும் குறையுண்டு: தொழில் தொடங்கி ஓராண்டுக்குப் பின், ஈட்டாத பணத்தையும் ஈட்டியதாகக் கொள்ளும் விதி ஒன்று உண்டு. அக்குறையை நாம் விடுவோம். படிப்படியாகக் குறைக்கும் நெறியை எடுத்துக்கொள்வோம். இணையவழி நிறுவனங்களுக்காகப் பொருளும் உணவும் சுமந்தோடும் தொழிலாளர்க்கென 2023ஆம் ஆண்டில் நல வாரியம் கண்ட தமிழகத்துக்கு இது இயலாத செயலா? கோட்டையில் எவர் அமர்ந்திருப்பினும் நம் கோரிக்கை இதுவே: சிறு வருமானத்தை உண்மையாகச் சொல்வோனுக்கு உதவித்தொகையை ஒரேயடியாக வெட்டாதீர். முதல் ஓராண்டு படிப்படியாகக் குறையுங்கள். 72,000, 42,000 என்ற இரு வரம்புகளையும் ஒன்றோடொன்று பொருத்துங்கள். டில்லிக்கும் ஒரு சொல்: வரி கட்டத் தேவையில்லாத சிறு வருவாயினரிடம் பிடித்ததை, அவர் கேட்குமுன் திருப்பித் தருக!

கிளைத் தோழர்களே! கோரிக்கை கோட்டைக்குப் போய்ச் சேரும்வரை காத்திராமல் உங்கள் பணியைத் தொடங்குங்கள். திங்களுக்கு ஒரு மாலை, படிப்பகத்தில் மேசை ஒன்று போடுங்கள். கணக்கறிந்த தோழர் ஒருவரை, ஓய்வுபெற்ற ஆசிரியரையோ வங்கி ஊழியரையோ, அமர்த்துங்கள். உதவித்தொகை விட்டுத் தொழிலில் இறங்கும் பிள்ளைகளை அழைத்து வந்து நோட்டுப் புத்தகத்தில் முதல் வரியை எழுதச் செய்யுங்கள். பிடித்த பணத்தைக் கேட்டு விண்ணப்பிக்கத் துணை நில்லுங்கள். எத்தனை பேருக்கு எவ்வளவு திரும்பியது என்று கிளையின் ஏட்டிலும் எழுதுங்கள். மாநாட்டில் நாம் வைக்கும் தீர்மானத்துக்கு அந்த ஏட்டைவிட வலிய சான்று வேறு வேண்டா.