வாசலோடு திரும்பலாகாது

ஜூலை 27 மைசூர்ப் பல்கலைக் கழகம் பிறந்த நாள். 1916-ம் ஆண்டு அந்தத் தேதியில் அது தொடங்கியபோது, ஆங்கிலேயரின் நேரடி ஆட்சிக்கு வெளியே ஒரு சுதேச சமஸ்தானத்தில் எழுந்த முதல் பல்கலைக் கழகம் என்ற பெருமையைப் பெற்றது. நூறாண்டைக் கடந்து நிற்கும் இந்தக் கல்வி நிலையத்தைப் பற்றி, மைசூருக்குப் பிழைக்க வந்த தமிழர்கள் எவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறார்கள்? கிராபர்டு ஹாலைத் தாண்டித்தான் பலர் தினமும் வேலைக்குப் போகிறார்கள். குக்கரஹள்ளி ஏரிப் பக்கம் போகிறவர்கள் மானசகங்கோத்திரியின் மரங்களைப் பார்க்கிறார்கள். "அது பெரிய வீட்டுப் பிள்ளைகள் படிக்கிற இடம், நமக்கு ஆகாது" என்ற நினைப்போடு அப்பால் நடந்துவிடுகிறார்கள். அந்த நினைப்பு தவறு என்பதை அந்தப் பல்கலைக் கழகத்தின் சரித்திரமே சொல்லும்.

மைசூர் மகாராஜா கல்லூரியும் பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியும் 1916-க்கு முன் சென்னைப் பல்கலைக் கழகத்தைச் சார்ந்தே நடந்தன. பரீட்சையும் பட்டமும் சென்னையிலிருந்து வந்தன. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, சென்ட்ரல் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றது அந்தக் காலத்தில்தான். சமஸ்தானத்துக்குச் சொந்தமாக ஒரு பல்கலைக் கழகம் வேண்டும் என்று திவான் விசுவேசுவரய்யா விரும்பினார். மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையார் அதற்குத் துணை நின்றார். அயல்நாட்டுப் பல்கலைக் கழகங்கள் எப்படி நடக்கின்றன என்று பார்த்து வர சி. ஆர். ரெட்டியும் தாமஸ் டென்ஹாமும் அனுப்பப்பட்டனர். பரீட்சை நடத்திப் பட்டம் வழங்குவதோடு நில்லாமல், ஆராய்ச்சி செய்து அறிவை வளர்க்கவும் அந்த அறிவைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்க்கவும் வேண்டும் என்ற நோக்கங்கள், சிகாகோ, விஸ்கான்சின் முதலிய பல்கலைக் கழகங்களை முன்மாதிரியாகக் கொண்டு வகுக்கப்பட்டன. எச். வி. நஞ்சுண்டய்யா முதல் துணைவேந்தரானார்.

பெங்களூர்ப் பல்கலைக் கழகம் 1964-ல்தான் தோன்றியது. அதற்கு முன் பெங்களூர்க் கல்லூரிகளில் படித்துத் தேறிய பழைய தலைமுறைத் தமிழர்கள் வீட்டில் ஏதேனும் பட்டச் சான்றிதழ் இருந்தால், அதை எடுத்துப் பார்க்கலாம். அதில் மைசூர்ப் பல்கலைக் கழகத்தின் பெயர்தான் இருக்கும்.

இந்தப் பல்கலைக் கழகத்தின் புகழை உலகெங்கும் எடுத்துச் சென்ற ஒரு சம்பவம் உண்டு. அது தமிழ் மண்ணோடு சம்பந்தப்பட்டது. 1891-ல் மைசூரில் தொடங்கிய அரசாங்கக் கீழ்த்திசை நூலகத்துக்கு, தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்த ஒரு பண்டிதர் ஓர் ஓலைச் சுவடியைக் கொண்டுவந்து கொடுத்தார். அது கிரந்த எழுத்தில் எழுதப்பட்டிருந்தது. தமிழ்நாட்டில் சமஸ்கிருதம் எழுதப் பயன்பட்டு வந்த எழுத்து அது. நூலகராக இருந்த ஆர். ஷாம சாஸ்திரி 1905-ல் அதைப் படித்தபோது, பெயரளவில் மட்டுமே தெரிந்திருந்த கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் அது என்று கண்டார். 1909-ல் மூலத்தை அச்சிட்டார். 1915-ல் ஆங்கில மொழிபெயர்ப்பும் நூலாக வெளிவந்தது. பண்டைய இந்தியாவில் அரசாட்சி, வரி, தொழில், கூலி ஆகியவற்றைப் பற்றிப் பேசுவோர் எல்லோரும் இன்றும் அந்த நூலுக்கே போகிறார்கள். நூலகம் 1916-ல் பல்கலைக் கழகத்தின் கைக்கு வந்தது. 1943-ல் கீழ்த்திசை ஆராய்ச்சி நிலையம் என்று பெயர் பெற்றது.

ஷாம சாஸ்திரியின் பெயர் நிலைத்தது, அது நியாயமே. சுவடியைக் கொண்டுவந்த தஞ்சைப் பண்டிதர் "ஒரு பண்டிதர்" என்ற அளவிலேயே பேசப்படுகிறார். தமிழ்நாட்டில் காப்பாற்றப்பட்ட ஏடும் கன்னட நாட்டு அறிஞரின் உழைப்பும் ஒன்று சேர்ந்தபோதுதான் அந்தப் பொக்கிஷம் வெளிச்சத்துக்கு வந்தது. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் ஓலையைப் பூச்சி தின்றிருக்கும்.

ஆசிரியர்களை எடுத்துக் கொண்டாலும் இதே கதைதான். திருத்தணியில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பாடம் சொல்லிக் கொண்டிருந்த ராதாகிருஷ்ணன் 1918-ல் மைசூருக்குத் தத்துவப் பேராசிரியராக வந்தார். 1921-ல் அவர் கல்கத்தாவுக்குப் புறப்பட்டபோது, மாணவர்கள் குதிரைகளை அவிழ்த்துவிட்டு, அவருடைய வண்டியைத் தாங்களே ரயில் நிலையம் வரை இழுத்துச் சென்றார்கள். பின்னாளில் நாட்டின் குடியரசுத் தலைவரான அவருக்கு, அன்று எந்தப் பதவியும் கிடையாது. நன்றாகப் பாடம் சொன்ன வாத்தியார் என்பதற்காகக் கிடைத்த மரியாதை அது.

மாணவர்களில் ஆர். கே. நாராயணன் இருக்கிறார். தமிழ் பேசும் குடும்பம்; சென்னையில் பிறப்பு. தகப்பனார் மைசூரில் தலைமையாசிரியராக இருந்தார். நாராயணன் பல்கலைக் கழக நுழைவுப் பரீட்சையில் முதல் தடவை தேறவில்லை. ஒரு வருஷம் வீட்டில் இருந்து புத்தகங்கள் படித்தார். பிறகு தேறி, 1930-ல் மகாராஜா கல்லூரியில் பட்டம் பெற்றார். ஒரு பரீட்சையில் தோற்ற பிள்ளையை உடனே வேலைக்கு அனுப்பிவிடத் துடிக்கும் பெற்றோர் இதை நினைவில் வைப்பது நல்லது.

ஏ. கே. ராமானுஜன் மைசூரிலேயே 1929-ல் பிறந்த தமிழர். தகப்பனார் இந்தப் பல்கலைக் கழகத்தில் கணிதப் பேராசிரியர். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், கல்லூரியில் ஆங்கிலம் என்று வளர்ந்தார். பின்னர் சிகாகோ பல்கலைக் கழகத்துக்குப் போன அவர், அங்குள்ள நூலகத்தின் அடித்தளத்தில் பழந்தமிழ்ப் பாடல் தொகுதி ஒன்றைக் கண்டெடுத்தார். 1967-ல் குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்தில் தந்தார். 1973-ல் கன்னட வீரசைவ வசனங்களையும் அதேபோல் தந்தார். சங்கக் கவிதையை மேல்நாட்டார் பலர் அறிந்தது அவர் மூலம்தான். கன்னடம் கற்றதால் அவருக்குத் தமிழ் குறைந்துவிடவில்லை. தமிழராக இருந்ததால் கன்னடத்துக்கு அவர் அந்நியராகிவிடவும் இல்லை.

கன்னடத்தின் பெருங்கவி குவெம்பு இங்கே மாணவர், ஆசிரியர், பின்பு துணைவேந்தர். இளம் வயதில் ஆங்கிலத்தில் கவிதை எழுதிக் கொண்டிருந்தவரை, தாய்மொழியில் எழுதும்படி தூண்டியவர் ஜேம்ஸ் கசின்ஸ் என்ற அயர்லாந்துக்காரர். நகருக்கு மேற்கே சுமார் 700 ஏக்கரில் விரிந்திருக்கும் மானசகங்கோத்திரி அவர் கண்ட கனவு. மனமாகிய கங்கை ஊற்றெடுக்கும் இடம் என்று பொருள்படும் அந்தப் பெயரும் அவர் சூட்டியதே. பேராசிரியர்கள் ஊர் ஊராகச் சென்று சாதாரண மக்களுக்கு அவர்கள் மொழியில் பேசுவதும், அந்தச் சொற்பொழிவுகளைச் சின்னப் புத்தகங்களாக்கிக் குறைந்த விலைக்குக் கொடுப்பதும் இந்தப் பல்கலைக் கழகத்தின் நல்ல வழக்கங்கள். தாய்மொழியை நேசிப்பவனுக்குத்தான் மற்றவனுடைய தாய்மொழியின் அருமை புரியும். 1991 டிசம்பரில் காவிரியின் பெயரால் நடந்த கலவரத்தில் பெங்களூரிலும் மைசூரிலும் தமிழர்கள் பட்ட துன்பம் மறக்கக்கூடியதன்று. ஆனால், அந்தப் புண்ணுக்கு மருந்து ஒதுங்கிப் போவது அல்ல. ஒரே வகுப்பில் ஒரே பெஞ்சில் இரு வீட்டுப் பிள்ளைகளும் உட்கார்ந்து படிப்பதுதான்.

உட்கார வழி இருக்கிறதா என்பதே இன்றைய கேள்வி. பல்கலைக் கழகம் பிறந்த இரண்டே ஆண்டுகளில், 1918-ல், பின்தங்கிய வகுப்பினருக்குக் கல்வியிலும் உத்தியோகத்திலும் உரிய இடம் கிடைக்க வழி காண, நீதிபதி மில்லர் தலைமையில் குழு அமைத்த சமஸ்தானம் இது. அத்தகைய மண்ணில், கட்டட வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் வந்த தமிழனின் பிள்ளை சான்றிதழுக்காக அலைய நேர்வது வருந்தத்தக்கது. ஒரு மாநிலத்தில் அட்டவணைச் சாதியினராகவோ பழங்குடியினராகவோ உள்ளவர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால், போன இடத்தில் அந்தச் சலுகையைக் கோர முடியாது என்று 1990-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. 1950-க்கு முன்பே இங்கு நிலையாகக் குடியிருந்து, தங்கள் சாதியின் பெயர் கர்நாடகப் பட்டியலிலும் உள்ள குடும்பங்களின் நிலை வேறு. பின்னால் வந்தவர்களின் பிள்ளைகளோ இரண்டு மாநிலங்களுக்கும் நடுவில் நிற்கிறார்கள். இங்கே பட்டியலில் இல்லை. அங்கே குடியிருப்பு இல்லை.

சட்டத்தை ஒரு நாளில் மாற்ற முடியாது. ஆனால் உதவித் தொகைக்குச் சாதிச் சான்றிதழ் ஒன்றே வழி என்று சட்டம் சொல்லவில்லை. பெற்றோரின் வருமானத்தையும் பிள்ளையின் மதிப்பெண்ணையும் மட்டும் பார்த்து, கூலித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு, எந்த மாநிலத்திலிருந்து வந்தவர்களானாலும், சில உதவித் தொகைகளைக் கர்நாடக அரசும் பல்கலைக் கழகமும் ஒதுக்குவது நியாயமான காரியம். இந்த ஊரின் வீடுகளையும் சாலைகளையும் கட்டிய கைகளுக்குச் செய்ய வேண்டிய கடமையும் அதுவே. தமிழ்நாடு அரசும் தன் மக்கள் எல்லை தாண்டிவிட்டார்கள் என்று கைகழுவிவிடக் கூடாது. ஆண்டு விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் செலவிடும் தமிழ்ச் சங்கங்கள், அதில் ஒரு பங்கை இரண்டு மாணவர்களின் கல்லூரிக் கட்டணத்துக்குத் திருப்பினால் தமிழ் குறைந்துவிடாது.

தொழிலாளர்கள் தாமே செய்ய வேண்டியவையும் உண்டு. கட்டடத் தொழிலாளர்கள் கர்நாடக நல வாரியத்தில் பெயர் பதிந்து கொண்டால், பிள்ளைகளின் படிப்புக்கு வாரியம் உதவித் தொகை தருகிறது. பதிவு இல்லாததால் அதை இழப்பவர்கள் பலர். தொழிற்கல்விச் சேர்க்கையில், கர்நாடகத்தில் குறைந்தது 7 ஆண்டுகள் படித்திருக்க வேண்டும் என்பது முக்கியமான விதி. பிள்ளையை இரண்டு வருஷம் இங்கே, மூன்று வருஷம் ஊரில் பாட்டி வீட்டில் என்று மாற்றி மாற்றிச் சேர்ப்பவர்கள், பின்னால் அந்த வாசல் அடைபட்டு நிற்பதைக் காண்கிறார்கள். பள்ளிச் சான்றிதழ்களையும் குடியிருப்புக்கான ஆதாரங்களையும் பத்திரமாகச் சேர்த்து வைப்பது நகை சேர்ப்பதைவிட அவசியம். கன்னடத்தை நன்றாகப் படிக்க வைப்பதும் அப்படியே.

வேலையிலிருந்து கொண்டே பட்டம் பெற நினைக்கும் குமாஸ்தாக்களுக்கும் ஒரு சொல். 1969-ல் மைசூர்ப் பல்கலைக் கழகம் தொடங்கிய அஞ்சல் வழிக் கல்விதான் வளர்ந்து, 1996-ல் கர்நாடக மாநிலத் திறந்தநிலைப் பல்கலைக் கழகமாயிற்று. பகலில் உழைத்து இரவில் படித்த எத்தனையோ பேருக்கு அது கை கொடுத்தது. ஆனால் 2015-ல் பல்கலைக் கழக மானியக் குழு அதன் படிப்புகளுக்கு அங்கீகாரம் இல்லை என்று அறிவித்ததும், பணம் கட்டிப் படித்தவர்கள் தவித்தார்கள். 2018-ல்தான் அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது. எந்த நிலையமானாலும், எந்தப் படிப்பானாலும், அந்த ஆண்டுக்கு மானியக் குழுவின் அங்கீகாரம் உண்டா என்று நேரில் விசாரித்த பிறகே பணம் கட்ட வேண்டும். தரகர் சொல்லை நம்பலாகாது.

தஞ்சைப் பண்டிதர் சுவடியோடு வந்து, அதை மைசூர் நூலகத்தில் கொடுத்துவிட்டுப் போனார். அவர் அந்த வாசலோடு திரும்பியிருந்தால், உலகம் ஒரு நூலை இழந்திருக்கும். இன்று மைசூரில் உழைக்கும் தமிழரின் வீடுகளிலும் அப்படிப் படிக்கப்படாத ஏடுகளாகப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களை மானசகங்கோத்திரியின் வாசலுக்குள் அழைத்துச் செல்ல வேண்டியவர்கள் பெற்றோர். உள்ளே இடம் கொடுக்க வேண்டியது அரசின் பொறுப்பு.