யாருடைய டாக்கோ?

'பீஃப் டாக்கோ' என்றால் ஊர்த்தெருக்காரருக்கும் நாக்கு ஊறுகிறது. மாட்டுக்கறி என்று தமிழில் சொன்னால்தான் எனக்கு வாடகைக்கு வீடு இல்லையாம். அது அமெரிக்கப் பண்டமாச்சே! அமெரிக்காவில் யாருடையது?

கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில், மெக்சிகத் தொழிலாளர் வாழ்ந்த பகுதியில், 1937இல் தொடங்கியது மிட்லா கஃபே. மக்காச்சோள ரொட்டியில் கொத்துக்கறி வைத்துப் பொரித்துத் தந்தார்கள். எதிர்ச்சாரியில் ஹாம்பர்கர் விற்ற கிளென் பெல் என்ற வெள்ளைக்காரர் அங்கே தின்று தொழிலைக் கற்றுக்கொண்டார். 1962இல் டாக்கோ பெல் கம்பெனி. சமைத்த சனத்தையோ அதே ஊரின் பொது நீச்சல் குளத்தில் இறங்கவிடவில்லை. கோர்ட்டுக்குப் போய் 1944இல்தான் அந்த உரிமையை வாங்கினார்கள். கை பட்ட கறி இனிக்குது, கால் பட்ட தண்ணி தீட்டாயிடுது. நமக்கு இது புதுக்கதையா?

நான் வீட்டிலேயே செய்கிறேன். கொத்துக்கறியைத் தண்ணீர் வற்றி, அதன் கொழுப்பிலேயே சிவக்கும்வரை வதக்கணும். அவசரப்பட்டால் அவிஞ்ச கறிதான். பிறகு வெங்காயம், பூண்டு, சீரகம், இனிப்புக்குக் கருப்பட்டி. புகை வாசத்துக்குச் சிபோட்லே, அதாவது பழுத்த ஹாலபேனோ மிளகாயைப் புகையில் உலர்த்தியது; மெக்சிகப் பழங்குடி மொழியிலிருந்து வந்த பேர். கிடைக்காவிட்டால் வரமிளகாயைத் தணலில் வாட்டிக்கொள்ளுங்கள். சோயாவைப் போட்டு 'சுத்தமான டாக்கோ' என்று குறிப்பு எழுதுகிறவர்களே, உங்க பண்டத்தை நீங்க தின்னுங்க. பேரை மட்டும் திருப்பிக் கொடுத்திடுங்க.